நாவல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை மாணவர்களே மாற்றித் திருத்தும்போது எதைப் பார்க்கச் சொல்வது?

கோபி_தமிழ்த்துறை கேட்டது:

வணக்கமுங்க. முதுகலைத் தமிழ் வகுப்பு, 24 பேர். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) பற்றி ஆளுக்கு 2,000 சொல்லில் ஆய்வுக் கட்டுரை. கைம்பெண் நாகம்மாள் கணவன் வீட்டு நிலத்தில் பாகம் கேட்பதுதான் அந்தக் கொங்கு நாவலின் கதை. என் கைக்கு வருவதற்கு முன்னால் அவர்களுக்குள்ளேயே மாற்றிப் படித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. 50 நிமிடப் பாடவேளை இரண்டு கொடுக்கலாம், அதற்கு மேல் இடமில்லை.

முதல் வரைவை மாற்றிக் கொடுத்ததில் திரும்பி வந்தது இவ்வளவுதான்: பாதிப் பேர் கடைசிப் பக்கத்தில் 'நன்று', 'இன்னும் விரிவாக எழுதலாம்' என்று போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் ஒற்றுப்பிழையை வட்டமிட்டிருக்கிறார்கள். சரியாக இருந்த இடத்தில் ஒற்றைக் கொண்டுபோய்ச் செருகியவர்களும் உண்டு. ரெண்டு பேர் தோழியின் கட்டுரையைத் தாங்களே முழுசாக மாற்றி எழுதிவிட்டார்கள். ஒருவர் மேற்கோளுக்குள் இருந்த கொங்குப் பேச்சையெல்லாம் அடித்துவிட்டு எழுத்துத் தமிழாக்கியிருக்கிறார். வாதம் நிற்கிறதா, சான்று பொருந்துகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பத்துக் கேள்வி கொண்ட 'ஆம் / இல்லை' படிவம் கொடுத்திருந்தேன். பத்துக்கும் 'ஆம்'.

எதை முதலில் பார்க்கச் சொல்வது? யாரை யாரோடு சேர்ப்பது? திருத்துவதற்கு மதிப்பெண் வைக்கலாமா? பாதிக் கட்டுரை கையெழுத்து, பாதி போனில் தட்டியது; அதை எப்படிச் சமாளிப்பது? நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்க.

---

நொய்யல்வாசி:

முதலில் அந்த ஆம்/இல்லை படிவத்தைத் தூக்கிப்போடுங்க மேடம். 'கருதுகோள் தெளிவாக உள்ளதா?' என்ற கேள்விக்கு டிக் அடிக்கக் கட்டுரையைப் படிக்கவே வேண்டியதில்லை. அதையே 'இந்தக் கட்டுரை நிறுவ வரும் கருத்தை உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அது எத்தனையாவது பத்தியில் இருக்கிறது?' என்று கேட்டால் படித்தே தீர வேண்டும். எழுத வரவில்லை என்றால் அந்தக் காலி இடமே எழுதியவருக்குப் பதில்.

முதல் பாடவேளையில் எழுத்துப்பிழை பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்க. சிவப்புப் பேனாவை வாங்கி வைத்துவிட்டுப் பென்சில் மட்டும் கொடுங்க. பிழையை வட்டமிடுவது சுலபமான வேலை, வேலை செய்த திருப்தியையும் தந்துவிடும், அதனால் கை தானாக அங்கேதான் போகும். அதோடு, நாளைக்கு வெட்டப்படப் போகிற பத்தியில் ஒற்றுப் போட்டு என்ன பயன்?

50 நிமிடத்தை நான் பிரிப்பது இப்படி. முதல் 12 நிமிடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முழுக் கட்டுரையையும் ஒரே மூச்சில் படிப்பது. அடுத்த 15 நிமிடம் பத்திக்கு எண் போட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தனித்தாளில் ஒரு வரி எழுதுவது. 'நாகம்மாளைப் பற்றிச் சொல்கிறது' என்று எழுதினால் செல்லாது. 'பாகம் கேட்பது அவளுடைய சொந்த எண்ணம்தான் என்று வாதிடுகிறது' என்ற அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு பத்திக்கு இரண்டு வரி தேவைப்பட்டால் அது பிரிய வேண்டிய பத்தி. இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்று வெட்டுப்படும்.

அடுத்த 10 நிமிடத்துக்கு ஓரக்குறி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் 'க', 'மே', 'வா' மூன்றில் ஒன்று: கதை சொல்வது, மேற்கோள், வாதம். நாவல் கட்டுரைகளுக்கு வரும் பெரிய நோய் இதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கைம்பெண், கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி, தூண்டிவிடும் கெட்டியப்பன், கடைசியில் கொலை என்று கதை ஓடிக்கொண்டே இருக்கும். ஓரம் முழுக்க 'க'. தொடர்ந்து ஐந்து 'க' வந்தால் அங்கே ஒரு கோடு போட்டு 'இது எதற்கு?' என்று மட்டும் எழுதச் சொல்லுங்க. 'மே' வந்து அதற்கு அடுத்ததே 'க' என்றால், மேற்கோளைப் போட்டுவிட்டு விளக்காமல் நகர்ந்துவிட்டார் என்று பொருள். 'மே'க்கு முன்னோ பின்னோ ஒரு 'வா' கட்டாயம் இருக்க வேண்டும்.

மீதி 13 நிமிடம் பேச்சு. இதில் ஒரு விதி: எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, குறிப்பெடுக்க மட்டும்தான். 'இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...' என்று ஆரம்பித்துவிட்டால் கட்டுரையில் இல்லாததை வாயால் நிரப்பிவிடுவார். படித்தவரும் 'ஓ, செரி செரி' என்று விட்டுவிடுவார். கடைசி மூன்று நிமிடத்தில் எழுதியவர் கேள்வி மட்டும் கேட்கலாம்.

கருதுகோளைச் சோதிக்க ஒரு வழி: 'அப்படியில்லை' என்று ஒருவர் நியாயமாக மறுக்க முடியுமா? 'நாகம்மாள் நாவலில் பெண்ணின் நிலை' என்பது தலைப்பு, அதை யாரும் மறுக்க முடியாது. 'நாகம்மாள் ஒரு சிறந்த வட்டார நாவல்' என்பது பாராட்டு. 'பாகம் கேட்கும் எண்ணத்தை மற்றவர்கள் தூண்டிவிட்டார்கள் என்று தோன்றினாலும், அதற்கான காரணம் அவள் அந்த வீட்டில் நடத்தப்படும் விதத்திலேயே கிடக்கிறது' என்றால் மறுக்கலாம், சான்று தேடலாம், 2,000 சொல் தாங்கும். திருத்துபவர் மறுப்பு வாக்கியம் ஒன்றை எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடிந்தால் கருதுகோள் உயிரோடு இருக்கிறது. அந்த மறுப்புக்குக் கட்டுரையில் எங்காவது பதில் இருக்கிறதா என்பது அதற்கடுத்த கேள்வி.

மாற்றி எழுதித் தரும் வியாதிக்கு மருந்து, குறிப்பின் வடிவத்தைக் கட்டுவதுதான். ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று இருக்கட்டும்: எந்த இடம், அங்கே படிக்கிறவருக்கு என்ன ஆகிறது, எழுதியவரிடம் ஒரு கேள்வி. 'பத்தி 4: ராமாயி திடீரென்று வருகிறாள், 3-இல் பேச்சு நிலத்தைப் பற்றி இருந்தது. இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு?' இந்த அளவு போதும். மாற்று வாக்கியம் எழுதித் தரத் தடை. ஒரு கட்டுரைக்கு ஐந்து குறிப்புக்கு மேல் வேண்டாம். இருபது வந்தால் எழுதியவர் சுலபமான நாலை மட்டும் சரிசெய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

---

பவானி_கூடல்:

மேலே சொன்னது கட்டமைப்புக்குச் சரி. ஆனால் மேசையில் நாவல் இல்லாமல் நடக்கும் எந்தத் திருத்தமும் வீண் என்பது என் கட்சி. இரண்டாவது பாடவேளையில் பாதியை மேற்கோள் சரிபார்ப்புக்கே கொடுங்க.

வேலை இதுதான்: கட்டுரையில் உள்ள ஒவ்வொரு மேற்கோளையும் புத்தகத்தில் எடுத்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது. முதலில் பதிப்பு ஒன்றுதானா என்று பாருங்க. 1942-க்குப் பிறகு நாவல் பல பதிப்பு கண்டிருக்கிறது, பக்க எண் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. வகுப்பு முழுக்க ஒரே பதிப்பை வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் துணைநூற்பட்டியலில் பதிப்பாண்டும் பதிப்பகமும் கட்டாயம். கட்டுரையின் முதல் பத்தியில் 1942 என்று போட்டுவிட்டு, கையில் இருக்கும் மறுபதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்து, பட்டியலிலும் 1942 என்றே எழுதுவது எல்லாக் கட்டுரையிலும் நடக்கும். முதல் பதிப்பைக் கண்ணால் பார்த்தவர் வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மேற்கோளுக்குள் கை வைக்கக் கூடாது. நாவலில் இருப்பது கொங்குப் பேச்சு. அதில் ஒற்று இல்லாவிட்டாலும், எழுத்துத் தமிழில் இல்லாத ஈறு வந்தாலும் அப்படியேதான் வர வேண்டும். அச்சுப்பிழை என்று உறுதியாகத் தோன்றினாலும் திருத்தாமல் அடிக்குறிப்பில் சொல்லலாம். நடுவில் விட்டால் மூன்று புள்ளி. நாமாக ஒரு சொல் சேர்த்தால் சதுர அடைப்பு. மூன்று வரிக்கு மேல் போகும் மேற்கோளை உள்தள்ளித் தனிப்பத்தியாக்கி, மேற்கோள்குறியை எடுத்துவிடலாம். 'மேலது' போட்டிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் மேலே உள்ளது உண்மையில் அதே நூல்தானா என்று பார்க்கச் சொல்லுங்க. திருத்தத்தில் ஒரு பத்தியை இடம் மாற்றினாலே 'மேலது' எல்லாம் வேறு நூலைச் சுட்ட ஆரம்பித்துவிடும். வரைவில் எல்லா இடத்திலும் நூற்பெயரை முழுதாக எழுதிவிட்டுக் கடைசி வடிவத்தில் மட்டும் 'மேலது' ஆக்குவது பாதுகாப்பு.

எழுத்து ஒத்துப்போனால் அடுத்தது 'இதைச் சொல்வது யார்?'. பாத்திரம் பேசியதை 'ஆசிரியர் கூறுகிறார்' என்று எழுதுவது தொண்ணூறு சதவீதக் கட்டுரைகளில் இருக்கிறது (கணக்கெடுக்கவில்லை, கடுப்பில் சொல்கிறேன்). ஊர்க்காரர்கள் நாகம்மாளைப் பற்றி வம்பாகச் சொல்வதை எடுத்துப்போட்டு, 'சண்முகசுந்தரம் இவளை இவ்வாறு சித்திரிக்கிறார்' என்றால் கட்டுரையின் அடிவாரமே பெயர்ந்துவிடும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஓரத்தில் மூன்று விவரம்: பேசுபவர், கேட்பவர், எந்தச் சூழல். கதைசொல்லியின் கூற்று என்றால் 'க.சொ.' என்று குறிக்கட்டும்.

நாவலுக்கு முன்னுரை எழுதியவர் கு.ப. ராஜகோபாலன். 'ஆசிரியர் தம் முன்னுரையில் குறிப்பிடுவதுபோல' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து அடியில் யார் பெயர் என்று பார்க்கச் சொல்லுங்க. கு.ப.ரா.வின் கருத்து ஒரு விமர்சகரின் கருத்து. அதோடு முரண்படக்கூட மாணவருக்கு உரிமை உண்டு.

சோடி சேர்ப்பதற்கு: இரண்டிரண்டாக மாற்றாதீங்க. 'நீ எனக்கு நன்று போடு, நான் உனக்கு நன்று போடறேன்' என்று முடிந்துவிடும். மூன்று பேர் குழு. 'அ'வின் கட்டுரை 'ஆ'விடம், 'ஆ'வுடையது 'இ'யிடம், 'இ'யுடையது 'அ'விடம். 24 பேர் என்றால் எட்டுக் குழு. ஒரு குழுவில் ஒருவராவது கொங்குப் பகுதிக்கு வெளியிலிருந்து வந்தவராக இருந்தால் நல்லது. இங்கத்துப் பிள்ளைகள் வட்டாரச் சொல்லைக் கவனிக்காமலே தாண்டிப்போவார்கள். வெளியூர்க்காரர் எங்கே முட்டுகிறாரோ அங்கே விளக்கம் தேவை. காடு என்றால் நமக்கு மானாவாரி நிலம், அவருக்கு வனம். கட்டுரை அதைச் சொல்லாவிட்டால் அவர் தலையில் வேறு நாவல் ஓடும். சொற்பொருளுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) அகராதியைக் காட்டிப் பொருள் சொன்னால் திருப்பி அனுப்புங்க. அது கரிசல் காட்டுக்கானது.

இங்கத்துப் பிள்ளைகள் திருத்தும்போது இன்னொன்று நடக்கும்: 'எங்க ஊர்ல இப்படி இல்லீங்க', 'எங்க அப்பத்தா இப்படித்தான் சொல்லும்'. ஓரத்தில் கேள்வியாக எழுதட்டும். ஆனால் அதை நம்பி எழுதியவர் கட்டுரையை மாற்றக் கூடாது. அப்பத்தா சொன்னதைச் சான்றாக்க வேண்டுமென்றால் அது களஆய்வு, அதற்குத் தகவலாளர், ஊர், தேதி எல்லாம் வேண்டும்.

---

கோபி_தமிழ்த்துறை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. குழுவுக்கு மூன்று பேர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஏழெட்டுக் கட்டுரையில் 'சட்டப்படி நாகம்மாளுக்குச் சொத்தில் சமபங்கு உண்டு, அதை ஆணாதிக்கச் சமூகம் மறுத்தது' என்ற வாக்கியம் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிறது. ஒரு பெண் 1989 சட்டத்தையே காட்டியிருக்கிறார். திருத்துபவர் சட்டம் படித்தவர் இல்லையே, இதை எப்படிப் பிடிப்பார்?

---

தாராபுரம்_வாசகர்:

பிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லைங்க. 'எந்தச் சட்டம், எந்த வருடம், யாருக்கு, எந்தச் சொத்துக்கு?' என்று நாலு கேள்வி கேட்டால் போதும். நாவலுக்கு வெளியே உள்ள எந்தச் சங்கதிக்கும், சட்டமோ பஞ்சமோ நாணய மதிப்போ, இதே கேள்விகள்தான். இந்த வாக்கியம் நாலாவது கேள்வி வரைக்கும் தாக்குப்பிடிக்காது.

1989-ஐ முதலில் கழற்றுவோம். அது தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பங்கு கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டத்திலும் மகளுக்கான உரிமை வந்தது. நாகம்மாள் அந்த வீட்டுக்கு மருமகள், கைம்பெண். இரண்டும் அவளைத் தொடவே தொடாது, நாவல் வெளிவந்து அரை நூற்றாண்டை ஒட்டியும் தாண்டியும் வந்தவை வேறு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்கு முழு உடைமை தந்தது. அதுவும் நாவலுக்கு 14 ஆண்டு பிந்தியது.

அப்படியானால் மிஞ்சுவது 1937-ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம். பாகப்பிரிவினை ஆகாத குடும்பத்தில் கணவன் இறந்தால் அவன் பங்கு கைம்பெண்ணுக்குப் போகும், ஆண் பங்காளியைப் போலவே அவள் பாகம் பிரித்துத் தரக் கேட்கலாம் என்றது அது. ஆனால் கிடைப்பது வரம்புக்குட்பட்ட உரிமை. உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், இஷ்டத்துக்கு விற்க முடியாது, அவளுக்குப் பிறகு கணவன் வழி வாரிசுகளுக்குப் போகும். ஆகவே 'சமபங்கு' என்ற சொல்லுக்கே ஒரு அடிக்குறிப்பு வேண்டும்.

இதிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. அதனால் மத்தியில் போட்ட இந்தச் சட்டம் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941-இல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947-இல்தான். நாகம்மாள் கேட்பது காடு தோட்டத்தில் பங்கு. நாவல் வெளிவந்த 1942 சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது.

அதற்காக 'அவளுக்கு உரிமையே இல்லை' என்று மாற்றி எழுதச் சொல்லிவிடாதீங்க, அதுவும் அவசரம். பழைய இந்துச் சட்டப்படி, அண்ணன் தம்பி பிரிந்திருந்தால், ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவனின் சொத்து அதே வரம்புக்குட்பட்ட உரிமையாக மனைவிக்கு வரும். பிரியாமல் இருந்தால் அவன் பங்கு உயிரோடிருக்கும் பங்காளிக்குப் போய்ச் சேரும். அவளுக்கு ஜீவனாம்சம் மட்டும். எனவே திருத்துபவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி நாவலுக்குள்ளேயே இருக்கிறது: சகோதரர்கள் பாகம் பிரிந்தவர்களா, ஒன்றாகவே இருந்தவர்களா? அதற்குச் சான்றான இடத்தைப் பக்க எண்ணோடு காட்ட வேண்டும். கதை எந்த ஆண்டுகளில் நடக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். நூல் வெளியான ஆண்டையே கதை நடக்கும் ஆண்டாக வைத்துக்கொள்வது மாணவர்களுக்குக் கைவந்த பழக்கம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் சுவாரசியம். சட்டம் ஒன்று சொல்ல, ஊர் வழக்கம் வேறொன்று சொல்ல, பெரியவர்களை வைத்துப் பேசுவது மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நாவல் இவற்றில் எதை வைத்து நகர்கிறது என்று பார்த்தால் நல்ல கட்டுரைக்கே இடமுண்டு. அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவராவது அந்தப் பக்கம் திரும்பினால், தப்பான வாக்கியத்தை வெட்டுவதைவிட அதுதான் லாபம்.

ஒரே வாக்கியம் ஏழெட்டுப் பேரிடம் வருகிறது என்றால் மூலம் எங்கோ ஒன்றாக இருக்கிறது. அதை அடுத்தவர்கள் பேசட்டும்.

---

ஈரோடு_மெய்ப்பு:

பேசுகிறேன். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கியதாகவோ, ஒரே வழிகாட்டி நூலில் எடுத்ததாகவோ இருக்கும். விசாரணைக் கமிஷன் எல்லாம் வேண்டாம். திருத்தும் மாணவர் ஒவ்வொரு மேற்கோளுக்கும் துணைநூலுக்கும் பக்கத்தின் போட்டோவைக் கேட்கட்டும்: தலைப்புப் பக்கம் ஒன்று, எடுத்தாண்ட பக்கம் ஒன்று. காட்ட முடியாதது வெளியே. செயலிகள் நாவலில் இல்லாத வசனத்தை மேற்கோள்குறி போட்டு, பக்க எண்ணும் கொடுத்து நீட்டிவிடும். படிக்கக் கொங்குத் தமிழ் மாதிரியே இருக்கும், ஆனால் புத்தகத்தில் இருக்காது.

கோப்பு விஷயம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னொருவர் போனில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுதியவரே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு மூன்று இடத்தைப் பாருங்க. ஒன்று, 'கொ', 'போ' போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் 'கொங்கு' என்று தேடினால் அகப்படாது. இரண்டு, 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும். மூன்று, துணைக்காலும் 'ர'வும் இடம் மாறுவது. ஸ்கேன் செய்து எழுத்துணரியில் (ஓசிஆர்) எடுத்த மேற்கோள்களில் இது சகஜம். கதாநாயகி 'நரகம்மாள்' ஆகி ஒரு பக்கம் முழுக்க நடமாடியதைப் பார்த்திருக்கிறேன். மேற்கோளை ஸ்கேனிலிருந்து ஒட்டாமல் கையால் அடிப்பதே நல்லது, எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது.

கூகுள் டாக்ஸில் கொடுத்தால் திருத்துபவருக்கு 'கமென்ட்' உரிமை மட்டும், 'எடிட்' உரிமை வேண்டாம். எழுதியவர் ஏற்காமல் கட்டுரையில் எதுவும் மாறாது. 'கமென்ட்' உரிமையிலேயே 'சஜஷன்' முறையும் வரும், அதைப் பிழைதிருத்தச் சுற்றில் மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்க. எழுதியவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கட்டும். மொத்தமாக ஏற்றுக்கொள்ளும் பொத்தானைத் தொட்டால் மேற்கோளுக்குள் செய்த அட்டூழியமும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

கையெழுத்துக் கட்டுரை என்றால் ஒரு பக்கம் மட்டும் எழுதி, வரிவிட்டு வரி, வலது பக்கம் மூன்று விரல் அகலம் ஓரம். ஐந்தாவது வரிதோறும் எண் போட்டால் 'பக்கம் 3, வரி 15' என்று சுட்டலாம். அசலில் கிறுக்காமல் நகல் எடுத்துக் கொடுங்க. அச்செடுப்பவர்கள் 12 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி வைத்தால் போதும்.

---

அந்தியூர்_இலக்கணம்:

ஒற்றைப் பற்றி யாரும் பேசவில்லை, எனவே நான். பிழைதிருத்தச் சுற்று கடைசியில் வர வேண்டும் என்பதில் மறுப்பில்லை, ஆனால் விட்டுவிடக் கூடாது. முழு வல்லினம் மிகும் பட்டியலையும் கையில் கொடுத்தால் மேடம் சொன்னதுபோல் சரியான இடத்திலும் செருகுவார்கள். நாலே நாலு கொடுங்க.

இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் மிகும்: நிலத்தைக் கேட்டாள். நான்காம் வேற்றுமையிலும் மிகும்: ஊருக்குப் போனாள். பெயரெச்சத்தில் மிகாது: கேட்ட பங்கு, வந்த பெண், 'கேட்டப் பங்கு' தவறு. 'என்று', 'வந்து' போன்ற மென்தொடரில் மிகாது, 'கேட்டு' போன்ற வன்தொடர் வினையெச்சத்தில் மிகும்: என்று கூறினாள், வந்து போனாள், கேட்டுப் பெற்றாள். ஆய்வுக் கட்டுரையில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நாலுக்குள் அடங்கும். பட்டியலில் இல்லாததைத் தொட வேண்டாம், சந்தேகமிருந்தால் கேள்விக்குறி போடட்டும்.

திருத்தும்போது கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்க. பொருள் இழுத்துக்கொண்டு ஓடாததால் எழுத்து கண்ணில் படும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் பார்ப்பதும் நல்ல முறைதான், ஆனால் ள/ல/ழ, ர/ற காதில் தப்பிவிடும். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

வாக்கியத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'காணப்படுகிறது', 'அறிய முடிகிறது', 'எனலாம்' என்று முடியும் வாக்கியங்களைக் கோடிடுங்க. யார் காண்கிறார், எதிலிருந்து அறிய முடிகிறது என்று சான்று இல்லாத இடத்தில்தான் இவை கூட்டமாக வரும். பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் நொய்யல்வாசி சொன்ன ஓரக்குறிக்கு மறுபடி போக வேண்டியதுதான்.

மதிப்பெண் வைக்கலாம், வைக்காவிட்டால் வேலை நடக்காது. ஆனால் திருத்துபவர் கட்டுரைக்கு மதிப்பெண் போடக் கூடாது. அவருடைய குறிப்புகளுக்கு நீங்கள் போடுங்க. அகமதிப்பீட்டில் ஐந்து ஒதுக்கினால் இப்படி: பத்தி வரிகளுக்கு 1, மேற்கோள் சரிபார்ப்புக்கு 2, ஐந்து குறிப்புக்கு 2. எழுதியவர் தம் பங்குக்கு அரைப்பக்கம் எழுதித் தரட்டும்: எந்தக் குறிப்பை ஏற்றேன், எதை விட்டேன், ஏன். 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதுபவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க.

---

கோபி_தமிழ்த்துறை:

இதை எடுத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டுவிட்டேனுங்க. முதல் பாடவேளை நொய்யல்வாசி சொன்னபடி. இரண்டாவதில் 30 நிமிடம் புத்தகத்தோடு மேற்கோள் சரிபார்ப்பு, 20 நிமிடம் அந்த நாலு ஒற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் விடுகிறேன், திருத்தி எழுத நேரம் வேண்டும். நூலகத்தில் ஒரே பதிப்பாக ஆறு பிரதிதான் இருக்கிறது, எட்டுக் குழு.

பவானி_கூடல்:

நாலு குழு மேற்கோள் பார்க்கும்போது மற்ற நாலு குழு ஒற்றுப் பார்க்கட்டும், 25 நிமிடத்தில் மாற்றிக்கொள்ளுங்க. நாலு பிரதி போதும், ரெண்டு மிச்சம்.